போனை வைக்காதீங்க

மார்ச் 4, புதன்

கேம்ப் தையல் அறையில் மதியச் சாப்பாட்டு நேரம். இனி இந்த நோட்டு இங்கேதான் இருக்கும், நூல்கண்டு டப்பாவுக்கு அடியில். வீட்டில் வைத்தால் இவர் கண்ணில் பட்டுவிடும். ஒரு டம்ளர் இடம் மாறினால்கூட இப்போது இவருக்குத் தெரிந்துவிடுகிறது.

காலையிலிருந்து நாற்பத்திரண்டு பெயர்ப் பட்டை தைத்தாயிற்று. படையில் புதிதாகச் சேர்ந்தவர்களின் சட்டைகள், இன்னும் கஞ்சி மொடமொடப்புப் போகாதவை. மாஸ்டர் ஊசியை வாயில் கடித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்காரர் கை கால் முழுசா வந்து சேர்ந்துட்டாரு. உனக்கென்னம்மா குறை, முகத்தை ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்க?" சிரித்து வைத்தேன். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். முழுசா வந்துட்டாரு.

வந்து பத்தொன்பது நாள். நாற்காலியை வாசல் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறார். அதில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. சாப்பாட்டைக் கையில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். காலிங் பெல்லைக் கழற்றிவிட்டார். எல்லையில் அத்தனை வருஷம் லாரி ஓட்டியவர், இங்கே தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆனால் வேர்த்துப்போகிறார்.

ஏப்ரல் பத்தாம் தேதி மருத்துவச் சோதனை. தேறினால் மறுபடி வேலைக்குத் திரும்பலாம். "அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சுதுன்னா ஸ்டியரிங்கை என் கையில குடுக்க மாட்டாங்க" என்றார். சரி என்றேன். சரி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

மார்ச் 6

எதிர்வீட்டு அக்கா வந்தார். "தூங்குறாருக்கா" என்றேன். இவர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இது நான்காவது முறை.

மார்ச் 9, திங்கள்

நேற்று நடந்ததை எழுத வேண்டும். காலையில் ஒரு சட்டைப் பையை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தேன். சில்வண்டு கூடத்தில் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்று அவள் அப்பா வைத்த பெயர்தான் சில்வண்டு. விசில் வந்தது. ஒரே ஒரு விசில். அடுத்து தொப்பென்று ஒரு சத்தம்.

ஓடி வந்து பார்த்தால் இவர் குப்புறக் கிடக்கிறார். குழந்தை அவருக்கு அடியில். அவள் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையோடு அழுத்துகிறார். "விடுங்க! விடுங்க, நான்தான்!" என்று கத்தினேன். காதில் விழவில்லை. குக்கர் இரண்டாவது விசில் அடித்தது, இன்னும் அழுத்தினார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். குழந்தையை விட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினேனே என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆனால் அதுதான் சரி. சத்தம் நின்ற பிறகுதான் கை தளர்ந்தது.

குழந்தையின் முகவாய் பிளந்துவிட்டது. நான்கு தையல்.

கேம்ப் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், "எப்படிம்மா ஆச்சு?" நான் வாயைத் திறப்பதற்குள் சில்வண்டு முந்திக்கொண்டாள். "மாடிப்படியில ஓடினேன் டாக்டர். அம்மா ஓடாதன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல." டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

நான் திகைத்துப்போனேன். எங்கள் வீட்டுக்கு மாடிப்படியே கிடையாது.

மார்ச் 10

குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன். இவர் குழந்தையின் பக்கமே திரும்பவில்லை. அவள் தண்ணீர் கொண்டு போய் நீட்டினால் கீழே வைக்கச் சொல்கிறார்.

மார்ச் 14, சனி

பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வரச் சொல்லியிருந்தார். இடைவேளையில் சில்வண்டு விளையாடப் போவதில்லையாம். வகுப்பில் வாயைத் திறப்பதில்லையாம். "ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் இவளைப் பேசாம இருக்க வைக்கிறதே எனக்குப் பெரும்பாடா இருந்துச்சு. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லையே, அப்பா ஊரிலிருந்து வந்த சந்தோஷத்தில் சரியாகத் தூங்குவதில்லை என்றேன். பொய் சொல்ல நானும் தேறிவிட்டேன்.

திரும்பி நடந்து வரும்போது அவள் கேட்டாள். "அம்மா, டீச்சர்கிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"இல்ல, என்ன சொன்னன்னு சொல்லு. நாளைக்கு என்னைக் கேட்டா நானும் அதையே சொல்லணும்ல."

ரோட்டில் நின்றுவிட்டேன். இதையா நான் இவளுக்குக் கற்றுக்கொடுத்தேன்?

வீட்டில் அவள் கால் ஊன்றி நடந்து பல நாளாயிற்று. விரல் நுனியில்தான் நடை. கரண்டிகளுக்கு இடையில் துணி வைத்து அடுக்குகிறாள். இவர் படுத்திருந்தால் அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். விளையாடப் போ என்றால், "நான் போயிட்டா யாராவது கதவைத் தட்டிடுவாங்க" என்கிறாள். புருஷன் காவல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். பிள்ளை காவலுக்குப் போய்விட்டாள்.

ஒன்று புரியவே இல்லை. நேற்று அவள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், முணுமுணுப்பாகத்தான். இவர் சட்டென்று எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். அரைமணி நேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வெடிச்சத்தம் போலக் கேட்பதற்குப் பயப்படுகிறார், சரி. வாய்ப்பாட்டுக்கு என்ன பயம்?

மார்ச் 17, செவ்வாய்

அக்காவைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

அக்காவின் வீட்டுக்காரரும் இவரும் ஒரே பிரிவு. அண்ணன் மெக்கானிக், இவர் டிரைவர். ஆறு வருஷமாக எதிரெதிர் வீடு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள். நான் வேலை முடிந்து வரும்வரை சில்வண்டு அக்கா வீட்டில்தான் சாப்பிடுவாள், தூங்குவாள். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

ஜனவரியில் அண்ணன் போய்விட்டார். தண்ணீர் லாரி போகும் பாதையில் கண்ணிவெடி. மூடின பெட்டிதான் வந்தது. அக்காவை முகம் பார்க்க விடவில்லை. மூன்று வாரம் கழித்து இவர் வந்தார். அக்கா அன்றைக்கே வாசலில் வந்து நின்றார், நான் தூங்குகிறார் என்றேன். அன்று ஆரம்பித்த தூக்கம்.

இன்றைக்குக் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வழியில் நிறுத்தினார். மே மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதாம்.

"தம்பிக்கு என்மேல ஏதும் கோவமா?"

"ஐயோ, இல்லக்கா. உடம்புதான்…"

"ஒரே ஒரு கேள்விதான்மா கேக்கணும். ரெண்டு நிமிஷம். நான் அழ மாட்டேன்னு சொல்லு."

நான் அழ மாட்டேன்னு சொல்லு. வேலைக்கு வந்து மிஷினில் உட்கார்ந்த பிறகும் அந்தக் குரல் போகவில்லை. மதியம் வீட்டுக்கு ஒரு நடை போய் இவரிடம் சொன்னபோது, "என்னால முடியாது" என்றார். ஏன் என்று கேட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் அக்கா கையால் சாப்பிட்ட மனுஷன். எனக்கு இவர்மேல் அருவருப்பு வந்தது. அதை எழுதிவிட்டேன். கிழிக்க மாட்டேன்.

மார்ச் 20

இன்னும் இருபத்தொரு நாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஓட்டிவிடலாமா?

மார்ச் 24, செவ்வாய்

என்னால முடியல. எழுதவும் முடியல, எழுதாம இருக்கவும் முடியல.

நேற்று திங்கள். அரைநாள் பள்ளிக்கூடம். இவர் வந்த பிறகு சில்வண்டு அக்கா வீட்டுக்குப் போவதில்லை, நேராக வீட்டுக்குத்தான். நான் இரண்டரைக்கு வந்தேன். கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன். சத்தமே இல்லை. அக்கா எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தார். "நானும் மணி பன்னிரண்டரையிலேர்ந்து தட்டிப் பார்த்துட்டேன்மா. சிலிண்டர் வண்டி வந்துட்டுப் போச்சு, அதுக்கப்புறம் ஒரு சத்தத்தையும் காணோம். வெளிய போயிருப்பாங்கன்னு நினைச்சேன்."

சிலிண்டர் வண்டி. காலி சிலிண்டர்களை ரோட்டில் உருட்டிப் போட்டிருப்பான்.

பின்பக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பின்கதவைத் திறந்தோம். அக்காவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. "நான்தாங்க. நான் மட்டும்தான். ஒண்ணும் இல்ல, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. தாழ்ப்பாள் விலகியது.

சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். மடியில் சில்வண்டு, பள்ளிக்கூடச் சீருடையோடு, முதுகில் பையோடு. அவர் கை அவள் வாய்மேல். கண் மட்டும் என்னைப் பார்த்தது. பாவாடை நனைந்திருந்தது. இரண்டு மணி நேரம்.

தூக்கிக்கொண்டு வந்து துடைத்து உடை மாற்றினேன். அவள் அழவே இல்லை. "அப்பா மெதுவாத்தாம்மா பொத்தினாரு. மூச்சு விட முடிஞ்சுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியம்மா தட்டினாங்க. எனக்குக் கேட்டுச்சு. பேசினா அப்பாவைச் சுட்டுடுவாங்கன்னு அப்பா சொன்னாரு. அதான் பேசல."

அவளைத் தூங்கவைத்துவிட்டுக் குளியலறைக்குத் திரும்பிப் போனேன். இவர் அங்கேயே இருந்தார். பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தேன். கேட்காமலேயே பேசினார். குழாயைப் பார்த்துக்கொண்டு.

"அந்த வண்டியில நான் போயிருக்கணும். நாலு மணி தண்ணி வண்டி என்னோடது. அண்ணன் சொன்னாரு, புள்ளகிட்டப் பேசிட்டு இருக்க, நீ பேசு, நான் எடுத்துட்டுப் போயிட்டு வந்துடறேன்னு. நான் கையைக் காட்டினேன். சரிங்கண்ணேன்னுகூட வாயால சொல்லல. காதுல போன் இருந்துச்சு. கையைக் காட்டினேன்."



அதே நாள், மிஷின் பக்கத்தில்

ஜனவரி 22. சில்வண்டின் பிறந்தநாள்.

அக்கா கேக் வாங்கி வந்திருந்தார். நாலு மணிக்கு இவர் போன். அங்கிருந்து வாரத்துக்கு ஒருமுறைதான் பேச முடியும், ஐந்து நிமிஷம். சில்வண்டு பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணியிருந்தாள், அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாம். பாதியில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இவர், "டூட்டிக்கு நேரமாச்சு, வெச்சிடட்டுமா?" என்றார். நான் போனுக்கு வாயைக் கொண்டுபோய்க் கத்தினேன்: "வைக்காதீங்க. போனை வைக்காதீங்க. புள்ளை ஒரு வாரமா படிச்சிருக்கா, முழுசா கேளுங்க."

நான்தான்.

நான்தானே சொன்னேன்.

அக்காவும் பக்கத்தில் இருந்தார். சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டு ஆளு எங்க தம்பி?" என்று கேட்டார். "இப்பத்தான் வெளிய போனாருக்கா. வந்ததும் பேசச் சொல்றேன்" என்றார் இவர்.

அண்ணன் மெக்கானிக். அவர் ஏன் அன்றைக்கு லாரி ஓட்டினார்? இரண்டு மாதமாக இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை? வரவில்லையா, வரவிடவில்லையா?

குழந்தைக்கு இது தெரியவே கூடாது. எந்தக் காலத்திலும்.

மார்ச் 25, புதன்

மாஸ்டரிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

கேம்ப் ஆஸ்பத்திரி வரை போய்விட்டுத் திரும்பினேன். தண்ணீர்த் தொட்டி வரை வந்து மறுபடி போனேன். இவர் என்னை நம்பி ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இதை வாங்கித்தா, அதைச் செய்துதா என்று என்னிடம் கேட்காத மனுஷன். ஒன்றே ஒன்று: சொல்லாதே. அதையும் காப்பாற்றவில்லை என்றால் நான் என்ன மனைவி? காப்பாற்றினால் என்ன தாய்? இன்னும் பதினாறு நாள்தானே? பதினாறு நாளில் எத்தனை சிலிண்டர் வண்டி வரும்? அடுத்த முறை அந்தக் கை கொஞ்சம் மேலே, மூக்கை மூடினால்?

அதை நினைத்ததும் கால் தானாக உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா பேனாவை எடுக்காமல் முழுக்கக் கேட்டார். மாடிப்படி இல்லாத வீடு என்றபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"இப்ப நீங்க என்கிட்ட சொன்னது பேச்சு. நான் எழுதிட்டேன்னா அது ரிப்போர்ட். அதுக்கப்புறம் என்னாலயும் அழிக்க முடியாது. அவர் வண்டி ஓட்டுற வேலை அநேகமா போயிடும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"எழுதட்டுமா?"

தலையை ஆட்டினேன். அவர் காத்திருந்தார். வாயால் சொன்னால்தான் எழுதுவார் போல.

"எழுதுங்க டாக்டர்."

மார்ச் 26, வியாழன்

பத்து மணிக்கு வந்தார்கள். சில்வண்டு பள்ளிக்கூடத்தில். டாக்டரம்மாவும் இரண்டு நர்சிங் உதவியாளர்களும். மரியாதையாகத்தான் பேசினார்கள். இவர் எழுந்தார், சட்டையை மாட்டினார், பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பட்டனைப் போடும்போது என்னைப் பார்த்தார்.

"நீயா?"

அவ்வளவுதான். வண்டியில் ஏறும்போது பழக்கத்தில் டிரைவர் பக்கம் போனார். உதவியாளர் தோளைத் தொட்டு அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

எதிர்வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 27

"அப்பாவை ஏன் பிடிச்சுக் குடுத்த? நான்தான் யார்கிட்டயும் சொல்லலையே! நான் நல்லாத்தானே பார்த்துக்கிட்டேன்!" என்று சில்வண்டு கத்தினாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இவள் போட்ட முதல் சத்தம். அதைக் கேட்டு அழுவதா, நிம்மதியடைவதா என்று தெரியவில்லை. என் தட்டைத் தள்ளிவிட்டாள். எல்லாச் சோற்றையும் நான் பொறுக்கினேன்.

ஏப்ரல் 2

பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்த முதுகோடு பேசினேன். மாஸ்டர் கேட்டதாகச் சொன்னேன், குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அதற்கும் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. என் பேச்சுக்கு அசையவில்லை.

செய்தது தப்போ? தப்புதானோ?

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று அக்காவிடம் போனேன்.

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று. அவர் அட்டைப்பெட்டியில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. கதவோரம் நின்றே சொன்னேன். "அண்ணன் போன வண்டி இவரோடதுக்கா. அன்னைக்கு போன்ல இவரை நிறுத்தி வெச்சது நான். என் பொண்ணு வாய்ப்பாடு சொன்னா. நான்தான் வைக்காதீங்கன்னு…"

செய்தித்தாளில் ஒரு டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தார்.

"தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"எனக்குக் குடுத்த பேப்பர்ல நேரம் போட்டிருக்கு, நாலு இருபத்தஞ்சு. அன்னைக்கு அந்த போன்ல நானும்தானே பேசினேன்? என் வீட்டுக்காரர் மெக்கானிக். அவர் ஏன் லாரி ஓட்டினாருன்னு யோசிக்கிற அளவுக்குக்கூடவா எனக்கு மூளை இல்ல?"

"அப்ப ஏன்க்கா… இத்தனை நாளா எங்க வீட்டு வாசல்ல…"

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்துச்சு. ஒரு மாசம் உன் வீட்டு விளக்கு எரியறதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரியும். ஆனா நான் கேக்க வந்தது அது இல்ல." இன்னொரு டம்ளரை எடுத்தார். "எனக்கு முகத்தைக் காட்டல. அவர் உடனே போயிட்டாரா, கிடந்து துடிச்சாரா, பக்கத்துல யாராவது இருந்தாங்களா, தனியா கிடந்தாரா — இதை யாரைப் போய்க் கேப்பேன்? அங்கேருந்து வந்திருக்கிறது உன் வீட்டுக்காரன் ஒருத்தன்தான். அவன் என்னைக் கண்டா ஒளியறான். நீ தூங்குறாருங்கற."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் காலைத் தொடக் கை நீட்டினேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாம். எழுந்து வீட்டுக்குப் போ. சின்னது தனியா இருக்கும்."

இரண்டு மாதமாக எதை மறைத்தோமோ அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் கேட்டதைக் கொடுக்க எங்களிடம் இருந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம்.

ஏப்ரல் 11

நேற்றுதான் அந்தப் பத்தாம் தேதி. கடிதம் வந்துவிட்டது. வண்டி ஓட்ட இனி அனுமதி இல்லை. வேறு வேலை கொடுப்பது பற்றி ஆறு மாதம் கழித்துத் தீர்மானமாம்.

ஏப்ரல் 20, திங்கள்

இவரிடம் சொல்லிவிட்டேன். முதுகிடம்தான். அக்காவுக்கு எல்லாம் தெரியும், முதலிலிருந்தே தெரியும், கேட்க வந்தது வேறு என்று. அவர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்த முதுகு குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல். நான் கை வைக்கவில்லை. வைத்தால் தட்டிவிடுவாரோ என்ற பயம். கிளம்பும்போது, "அக்காவை வரச் சொல்லு" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏப்ரல் 27

குழந்தையை அழைத்து வரலாம் என்று அங்கே டாக்டர் சொன்னார். நேற்று கூட்டிப்போனேன். வார்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். இவர்தான் எழுந்து வந்தார், மெதுவாக, மாத்திரையில் நடை தள்ளாடியது. முன்னால் உட்கார்ந்து அவள் முகவாயைப் பார்த்தார். தொடவில்லை.

"வலிக்குதா?"

"அப்பவே போயிடுச்சுப்பா. உங்களுக்கு?"

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"சரி," என்றாள். என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து தூங்கினாள், தூக்கத்தில்தான்.

அக்காவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்கிறார். கேட்கத் துடித்தவருக்கு இப்போது கேட்கப் பயம்.

மே 4, திங்கள்

நேற்று அக்கா வந்தார். நானாகக் கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார், இஸ்திரி போட்ட புடவையில். சில்வண்டை மாஸ்டர் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வந்திருந்தேன். போகும்போது எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வார்டுக்குள் அவரை மட்டும் அனுப்பினேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இவர் எழுந்து நின்றார். ஸ்டூலை அக்கா பக்கம் நகர்த்தினார். அதற்கு மேல் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. நடைபாதை பெஞ்சில் போய் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை ஏழெட்டுத் தடவை படித்தேன்.

நாற்பது நிமிஷம். அக்கா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. முகம் கழுவியிருந்தார், முன்முடி ஈரம்.

"உன்னை உள்ள வரச் சொன்னான்."

போனேன். இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வாசலைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்து. நான் பக்கத்தில் நின்றேன். "உன்னை நான் இன்னும் மன்னிக்கல" என்றார். தெரியும் என்றேன். "ஆனா நீ டாக்டர்கிட்டப் போகலன்னா, அன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாள் புள்ளையை நான்…" முடிக்கவில்லை. முடிக்க வேண்டாம் என்றேன். வரும்போது மாற்று வேட்டி ஒன்று எடுத்து வரச் சொன்னார். சரி என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. நிறைய சீட் காலி. அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேம்ப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உடனே போயிட்டாரு, வலியே இல்லன்னு தம்பி சொன்னான். அது பொய்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையால் அடக்கினார்.

"இரு. வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போய், கடைசி வரைக்கும் தலையை மடியில வெச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னான். அது நிஜம். அதைச் சொல்லும்போதுதான் அவனால பேச முடியல."

இறங்க வேண்டிய இடம் வந்தது. முதலில் அவர் இறங்கினார். நான் இறங்கும்வரை நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே பஸ்தானா?"

"ஆமாக்கா. எட்டே காலுக்கு."

"சரி" என்றார்.